வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிய நாள்

உஷியாவுக்குக் காலையிலேயே குரல் போய்விட்டது.
வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.
சாந்தியாகோவில், மழையில், நாற்பத்தோரு பேர் ஏறியாகிவிட்டது,
எல்லோரும் பணம் கட்டியவர்கள்.
மைக்கை என் பக்கம் நீட்டினாள்.
காகிதத்தில் எழுதிக் காட்டினாள்:
"ஆறு வருஷமாகக் கேட்கிறாய். சொல்."

கேட்டிருக்கிறேன்தான்.
எந்த வளைவில் எந்த நகைச்சுவை என்று
என் கிளட்சுக்கே தெரியும்.
ஆனால் கேட்பது வேறு.
"வணக்கம். நான் எவரிஸ்தோ. இடப்பக்கம் கடல்."
அடுத்த ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றும் வரவில்லை.
பின்னால் யாரோ பரிதாபப்பட்டுக் கைதட்டினார்கள்.

கார்னோட்டாவில் கல் களஞ்சியம்.
அவள் என்றால் நீளம், கட்டிய ஆண்டு,
கால்கள் எத்தனை ஜோடி, எல்லாம் சொல்வாள்.
நான் சொன்னேன்: இதில் எலி ஏறாது.
அப்புறம், அடியில் மழைக்கு ஒதுங்கலாம்,
ஒதுங்கியிருக்கிறேன், ஒருத்தியோடு,
மழை விடும்வரை சண்டை, விட்ட பிறகும் சண்டை.
கல்யாணம் ஆயிற்றா என்று முன்வரிசைக்காரி கேட்டாள்.
அவளுக்கு ஆயிற்று என்றேன்.

எசாரோவில் ஆறு நேராகக் கடலில் விழும்.
உஷியா அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவாள்.
எனக்கு அந்த வித்தை வராது.
"மேலே அணை இருக்கிறது.
திறந்திருந்தால் நிறைய விழும்" என்றேன்.
அன்று கொஞ்சம் விழுந்தது.

துறையில் ஏலம்.
விலை மேலிருந்து கீழே இறங்குகிறது,
பொறுக்க மாட்டாமல் முதலில் நிறுத்துகிறவனுக்குப் பெட்டி.
"ஏன் ஏறாமல் இறங்குகிறது?" என்றார் கண்ணாடிக்காரர்.
மீன் காத்திருக்காது ஐயா,
ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் கொஞ்சமாக
மீனாக இருப்பதை விட்டுக்கொண்டிருக்கிறது.
இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.
உஷியா திரும்பிப் பார்த்தாள்.

கீழே பாறையில் எர்மிதாஸ், இடுப்பில் கயிறு,
அலை பின்வாங்கும் இடைவெளியில்
கொட்டலசு சுரண்டிக்கொண்டிருந்தாள்.
நாற்பத்தோரு போன்களும் உயர்ந்தன.
"எவரிஸ்தோ! படத்துக்கும் கிலோக் கணக்குதான், சொல்லு!"
சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள்,
பாதிப் பேர் போனை இறக்கினார்கள்.
அலை வந்தது. அவள் பாறையோடு ஒட்டிக்கொண்டாள்.
வடிந்ததும், விட்ட இடத்திலிருந்து சுரண்டினாள்.

முனையில், கலங்கரை விளக்கின் கீழ், ஒரு சிறுவன் கேட்டான்:
"மரணக் கடற்கரை என்று ஏன் பேர்?"
உஷியாவிடம் இதற்குப் பட்டியல் உண்டு:
கப்பல்கள், கொடிகள், பனிமூட்டம், எண்ணிக்கை.
நான் பத்தொன்பது வருஷம் இந்தத் தண்ணீரில் போனவன்.
பத்தொன்பது வருஷமும் வாந்தி எடுத்தேன் என்றேன்,
அணியத்தில் நின்று, கச்சான் வீசும் பக்கமாக, முட்டாள்தனமாக.
பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.
அவன் கேட்டது அப்படியே நின்றது.
அவன் அம்மாவுக்கு அது தெரிந்தது.
ரொட்டிக்கடை இரண்டு மணிக்கு மூடிவிடும்,
வாருங்கள் என்றேன்.

திரும்பும்போது உள்நாட்டுச் சாலை, இருட்டு,
யூக்கலிப்டஸ் மரங்கள். எல்லோரும் தூக்கம்.
தனியாக ஓட்டினால் வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு வரும் எனக்கு:
கோயில் கோபுரம் காற்றாலைக்கு மேல் வந்தால் சுக்கானை ஒடி,
இடப்பக்கம் பன்றிமுதுகு, அதற்கப்பால் ஊமைப் பாறை,
வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் மாமியார்,
விளக்கு மறைந்தால் அங்கே வலை போடாதே,
போட்டவன் வலை இன்னும் அங்கேதான்.

மைக் அணையவில்லை என்பது
எரிபொருள் நிலையத்தில்தான் தெரிந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்.
நாற்பத்தோரு பேரும் விழித்திருந்தார்கள்.
அணைக்கும் பொத்தான் உஷியாவின் முழங்கைக்குப் பக்கத்தில்.
அவள் ஜன்னலுக்கு வெளியே
மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத் தட்டில் வழக்கத்தைவிடப் பதினோரு யூரோ கூட.
எண்ணிப் பாதியை எடுத்துக்கொண்டாள்.
காகிதத்தின் பின்பக்கம் எழுதினாள்:
"களஞ்சியத்துக் கால்கள் இருபத்திரண்டு ஜோடி.
நாளைக்காவது சரியாகச் சொல்."